ஆறு வோல்ட் வெளிச்சம்

யெஸ்டியை ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு முதலில் அதன் லீவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மற்ற வண்டிகளில் உதைத்துக் கிளப்ப ஒன்று, கியர் மாற்ற ஒன்று என்று இரண்டு இருக்கும். யெஸ்டியில் இடது பக்கம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கர். வண்டி கிளம்பியதும் முன்னால் மடக்கிவிட்டால் அதுவே கியர். அந்த லீவரைக் காலால் தொட்டதுமே உள்ளே கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும், கையால் பிடிக்காமலே கியர் போடலாம். ஒரு சிலிண்டர்தான், ஆனால் சைலன்சர் இரண்டு. செக்கோஸ்லோவாகியாவில் யோசித்து மைசூரில் செய்த வண்டி. 1929இல் யானெசெக் என்பவர் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து ஜாவா ஆயிற்று. 1961இல் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை வந்தது. எழுபதுகளில் வண்டியின் பெயர் யெஸ்டி என்று மாறியது. 1996இல் ஆலை மூடப்பட்டது. எங்கள் தர்மபுரிப் பக்கம் அந்த வண்டிகள் நிறையவே ஓடின.

அப்பாவிடம் இருந்தது 1986இல் வாங்கிய யெஸ்டி கிளாசிக். அவர் கால்நடை ஆய்வாளர். அரூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை நிலையத்தில் வேலை. கிராமத்தில் அவரை 'மாட்டு டாக்டர்' என்பார்கள், உண்மையான மாட்டு டாக்டர் வரும் நாட்களில் மட்டும் 'ஊசிக்காரர்'. பின் சீட்டில் திரவ நைட்ரஜன் கேனைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவார். மைனஸ் 196 டிகிரி. சின்ன வயதில் அந்தக் கேனின் மூடியைத் திறந்தால் வரும் புகைக்காகவே நான் அவர் பின்னால் அலைந்திருக்கிறேன். பசுவுக்குக் காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் சாயங்காலம் ஊசி போட வேண்டும், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் விடிகாலை. அதனால் அவருடைய பயணத்தில் பாதி இருட்டில்தான்.

1998இல் வண்டி நின்றது. "பிஸ்டன் சீஸ் ஆயிடுச்சு, கம்பெனியும் மூடிட்டான், இனி பார்ட்ஸ் கிடைக்காது" என்றார். மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் தள்ளிவிட்டுச் சாக்கைப் போட்டு மூடினார். அதன் பிறகு பணி ஓய்வு வரைக்கும் பஸ்தான். பஸ் போகாத ஊர்க்காரர்கள் மாட்டைக் கிளை நிலையத்துக்கே ஓட்டி வந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. வண்டி சீஸ் ஆவது என்பது மழை பெய்வதைப் போல ஒரு தகவல், அதில் கேள்வி கேட்க ஒன்றுமில்லை.

இருபத்து நான்கு வருடம் கழித்து, 2022இல், பெங்களூரிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஊருக்கு வந்திருந்த சமயத்தில் அந்தச் சாக்கை எடுத்தேன். பெரிய காரணம் எதுவுமில்லை. திரையில் தெரிவதை மட்டுமே திருத்திக் கொண்டிருந்த கைக்குக் கிரீஸ் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. சீட்டுக்குள் எலி குடித்தனம். செயின் கவரின் இரண்டு ரப்பர் குழாய்களும் தொட்டதும் அப்பளம் மாதிரி உடைந்தன. ஆனால் டேங்கிலிருந்த பெயர்ச் சின்னம் அப்படியே இருந்தது.

தர்மபுரியில் ஒரு பாய் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர். ஜாவாவும் யெஸ்டியும் மட்டும்தான் பார்ப்பார். பட்டறை வாசலில் எழுதி வைக்கவில்லை, ஆனால் வேறு வண்டியோடு போனால் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். கிக்கரை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றினார். "ஒரு வாரம் ஊறட்டும் தம்பி" என்றார். பத்து நாளாயிற்று. ஹெட்டைத் திறந்து, மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டித் தட்டி பிஸ்டனை இறக்கி, பிறகு சிலிண்டரை உருவினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். துணியால் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"யாரு சொன்னா இது சீஸ் ஆச்சுன்னு?"

"அப்பாதான் பாய்."

"இது சீஸ் ஆன வண்டி இல்ல தம்பி. நிப்பாட்டுன வண்டி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் உயிர். லிட்டருக்கு 40 மில்லி. அது குறைந்தாலோ வண்டி அளவுக்கு மீறிச் சூடானாலோ அலுமினிய பிஸ்டன் விரிந்து இரும்புச் சிலிண்டரின் சுவரைக் கவ்விக்கொள்ளும். அப்போது பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் வெள்ளி பூசியதுபோல ஒட்டும். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல் விழும். எத்தனை வருடமானாலும் அந்த அடையாளம் போகாது. எங்கள் சிலிண்டரில் இருந்தது வெறும் துரு. அதுவும் பிஸ்டன் ரிங் இருபத்து நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்ற உயரத்தில், மோதிரம் போல ஒரு வளையம். அதற்கு மேலும் கீழும் சுவர் பளபளவென்று இருந்தது. பிஸ்டன் தலையில் 65.25 என்று அச்சடித்திருந்தது. ஆலையிலிருந்து வரும்போது 65 மில்லிமீட்டர். முதல் ரீபோர் மட்டும்தான் ஆகியிருக்கிறது. "இன்னும் ரெண்டு புள்ளயப் படிக்க வெக்கிற அளவுக்கு இதுல ஓட்டம் பாக்கி இருந்துச்சு" என்றார் பாய்.

நான் வீட்டில் எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக்குகள் இன்னொரு மெக்கானிக் சொன்னதை எப்போதும் மறுப்பார்கள். எங்கள் தொழிலிலும் அப்படித்தான், முந்தைய ஆள் எழுதிய நிரலைத் திறந்ததும் முதல் வேலை தலையில் அடித்துக்கொள்வது. அந்தக் கணக்கில்தான் அதை வைத்துக்கொண்டேன்.

பிறகு ஏழு மாதம் பார்ட்ஸ் தேடினேன். இதில் ஒரு வகை ஞானம் கிடைக்கிறது. ஒரு வண்டி செத்தாலும் அதன் எல்லாப் பாகங்களும் ஒரே மாதிரி சாவதில்லை. பேரிங் சாவதே கிடையாது. அதன் முகத்தில் எண் பொறித்திருக்கும். எங்கள் வண்டியில் கழற்றிய ஒன்றில் 6305 என்று இருந்தது. உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, அகலம் 17. உலகத்தில் எந்த மூலையிலும் அந்த எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், எந்த வண்டிக்கு என்று கேட்கக்கூட மாட்டார்கள். நாங்கள் எழுதும் மென்பொருளில் பத்து வருடம் தாங்கும் இடைமுகம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் ஓடி ஒளிந்துகொள்வேன். ஆயில் சீலும் ஏறக்குறைய அப்படித்தான், அளவு தெரிந்தால் போதும். கேபிள்களை ஒரு கடைக்காரர் பழையதைப் பார்த்து அளவெடுத்து, நுனியில் ஈயம் ஊற்றி அரைமணி நேரத்தில் செய்து கொடுத்தார். கேஸ்கட்டை பாய் வாங்கவே விடவில்லை. பேக்கிங் ஷீட்டை எஞ்சின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தில் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். இரும்பின் விளிம்பே கத்திரிக்கோலாகி ஷீட் கச்சிதமாக வெட்டுப்பட்டு வந்தது. அதை வீடியோ எடுத்து அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினேன். நாற்பது பேர் இதயம் போட்டார்கள்.

பிரச்சினை மற்றவற்றில். அந்த வண்டிக்கென்று மட்டும் செய்த பாகங்கள், வேறு எதற்கும் பொருந்தாதவை. கிக்கர் கியர் லீவர் அதில் முதலிடம். அதன் உட்புறப் பற்கள் தேய்ந்து, உதைத்தால் தண்டு சுழலாமல் லீவர் மட்டும் வழுக்கியது. புதிதாகச் செய்து விற்கும் லோக்கல் லீவர் ஒன்றை வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. நான்காவது உதையில் வளைந்தது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். மைசூருக்குப் போனால் கொட்டிக் கிடக்கும் என்றார்கள். மைசூரில் "நேத்து வரைக்கும் இருந்துச்சு" என்றார்கள். பழைய பார்ட்ஸ் தேடுபவன் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். எல்லாப் பொருளும் நேற்று வரைக்கும் இருந்திருக்கிறது. செக் குடியரசில் பழைய ஜாவாக்களுக்கு இன்றும் உதிரிபாகம் செய்து விற்கிறார்கள். அங்கிருந்து ரப்பர்களை வரவழைத்தேன். வண்டியின் தாய்வீட்டுச் சீர் என்று அம்மா சொன்னாள். சுங்கவரியைச் சொல்லவில்லை.

லீவர் கடைசியில் கிடைத்தது சென்னை புதுப்பேட்டையில். அந்தத் தெருக்களைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? கூவம் பக்கமாகப் போகும் ஒவ்வொரு சந்திலும் வண்டிகள் பிரிந்து கிடக்கும். ஒரு கடையில் கதவுகள் மட்டும், அடுத்ததில் ஸ்டியரிங் மட்டும், அதற்கடுத்ததில் மலைபோல் சைலன்சர். ஒரு கடையில் நான் கொண்டுபோன தேய்ந்த லீவரைக் காட்டியதும் பையன் ஒருவன் ஒரு டிரம்முக்குள் தோள் வரைக்கும் கையை விட்டான். கிரீஸும் மண்ணும் அப்பிய ஒன்றை எடுத்துப் போட்டான். கடைக்காரர் 1,800 சொன்னார். நான் 800 சொன்னேன். "ஒரிஜினல் மைசூர் மால் சார், எடுத்துட்டுப் போனா உங்க பேரன் உதைப்பான்" என்றார். 1,100க்கு முடிந்தது. தராசில் வைத்தால் காயலாங்கடை விலை ஐம்பது ரூபாய்கூட வராது. எந்த ஊரில் யார் காலில் தேய்ந்ததோ, நடுவில் பளபளவென்று ஒரு குழி விழுந்திருந்தது.

அந்த லீவரை ஊருக்குக் கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு இப்போது பார்வை மிகக் குறைவு. 2009இல் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் நீர் அழுத்த நோய் என்றார்கள், கிளாக்கோமா. அதற்குள் இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை முக்கால்வாசி போயிருந்தது. போனதை மீட்க முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அம்மா விடுவாள். சைலன்சர் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும் என்று அவரே ஒருமுறை சொன்னார். அவர் லீவரை வாங்கித் தடவினார். பற்களின் மேல் கட்டை விரலால் ஒரு சுற்று. "வேற வண்டியோடது. ஆனா கம்பெனி சாமான்தான்" என்றார். வளைந்த லோக்கல் லீவரையும் பக்கத்தில் வைத்தேன். தொட்ட உடனே தள்ளிவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு பாகமும் அவர் கை வழியாகத்தான் போனது. அது பாய்க்கும் பிடித்திருந்தது. "உங்கப்பாகிட்ட காமிச்சியா?" என்று கேட்காமல் எதையும் மாட்ட மாட்டார்.

மின்சார வேலைக்கு வந்தபோதுதான் கதை திரும்பியது. இந்த வண்டி ஆறு வோல்ட். டைனமோ தருவது மொத்தமே 45 வாட். அதில் 35 முன்விளக்குக்கே போய்விடும். மெதுவாகப் போனால் விளக்கு மங்கும், வேகமெடுத்தால் பிரகாசமாகும். பாய் டைனமோவைப் பிரித்தார். ஆர்மேச்சர் புதிதாகச் சுற்றியிருந்தது. வார்னிஷுக்கு அடியில் செம்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் தேய்மானமே இல்லை. "இது ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடல" என்றார். முன்விளக்கைத் திறந்தால் ரிஃப்ளெக்டர் மாற்றியிருந்தது. கிராஷ் கார்டில் இன்னொரு விளக்கு பொருத்த ஒரு பிராக்கெட்டைப் பற்றவைத்திருந்தார்கள். "பைத்தியமா? 45 வாட்ட வெச்சுக்கிட்டு ரெண்டு லைட்டா?" என்று பாய் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த மனுசன் வெளிச்சத்துக்கு ரொம்ப அலைஞ்சிருக்கார்" என்றார்.

வீட்டுக்கு வந்து கொட்டகையில் வண்டியோடு கிடந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பிளாட்டினம் பாயின்ட், பழைய பிளக், திருகுகள். அடியில் தாளில் சுற்றிய ஏழு முன்விளக்கு பல்புகள். பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், ஏழும் எரிந்தன. ஒன்றுகூட ஃபியூஸ் ஆகவில்லை. கூடவே ரசீதுகள். 1997 மே, டைனமோ ரீவைண்டிங். 1997 நவம்பர், மறுபடியும் டைனமோ ரீவைண்டிங், வேறு ஊர், வேறு கடை. 1998 ஜனவரி, பேட்டரி.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, பிஸ்டன் சீஸ் ஆகல."

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பது போல இருந்தார்.

"லைட்டு பத்தலன்னு நெனச்சேன் கண்ணு" என்றார்.

அவர் சொன்னதை என்னுடைய வார்த்தையில் சுருக்குகிறேன். 1997 வாக்கில் ராத்திரியில் ரோட்டின் ஓரம் தெரியவில்லை. விளக்கில்தான் கோளாறு என்று பல்பை மாற்றினார். டைனமோவைச் சுற்றக் கொடுத்தார். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வேறு கடையில் கொடுத்தார். இந்த நோயில் கண்ணுக்குள் கறுப்புத் திரை எதுவும் விழாது, வலிக்காது. தெரியாத இடத்தை மூளையே அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிக்கொள்ளும். நேரே பார்த்தால் எழுத்து தெரியும், மாடு தெரியும், ஊசி தெரியும். அதனால் சந்தேகம் விளக்கின் மேல்தான் போகும். 1998 மார்ச்சில் சித்தேரி மலைப்பக்கம் ஊசி போட்டுவிட்டு ஏழரை மணிக்குத் திரும்பி வருகிறார். ரோட்டோரமாக ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போயிருக்கிறாள்.

"ஆள நான் பாக்கவே இல்ல. குடம் உருண்ட சத்தம்தான் கேட்டுச்சு."

வண்டி குடத்தைத்தான் தட்டியிருந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. புடவை நனைந்திருந்தது, திட்டினாள். இவர் இறங்கிக் குடத்தை எடுத்துக் கொடுத்தார். அப்போது நிலா வெளிச்சம் இருந்தது, விளக்கே இல்லாமல்கூட அவள் தெரிந்திருக்க வேண்டும். அதை அங்கேயே நின்று யோசித்திருக்கிறார். பிறகு வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தார், பதினொரு கிலோமீட்டர். மறுநாள் பிஸ்டன் சீஸ் ஆகிவிட்டது.

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமேப்பா?"

"போனா கண்ணு தெரியலன்னு எழுதிக் குடுத்துருவான். ஃபீல்டு வேலைடா அது. அக்கா எட்டாவது, நீ அஞ்சாவது."

அம்மா அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "தட்டுக்குப் பக்கத்துல வெச்ச தண்ணிச் சொம்ப ரெண்டு தடவ தட்டிவுட்டாரு. மூணாவது நாள்லருந்து நேரா எதுக்க வெச்சேன்." அப்பா அவள் பக்கம் திரும்பினார். இருபத்து நான்கு வருடத்தில் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பதினொரு வருடங்களைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். 1998இலேயே சொட்டு மருந்து தொடங்கியிருந்தால் இன்று அவருக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போடுவது என்னைப் போன்ற ஆளுக்கு இயல்பு. ஆனால் அதன் மறுபக்கத்தில் ஒரு சம்பளம் இருக்கிறது, என் பொறியியல் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. அந்தக் கணக்கை நான் போடக் கூடாது என்று நினைக்கிறேன். அது அவர் போட்ட கணக்கு.

கிளாக்கோமா குடும்பத்தில் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். 2009இலேயே பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் நானும் ஒருமுறை போனோம், அப்போது ஒன்றுமில்லை. அந்தத் திண்ணைப் பேச்சுக்குப் பிறகு மறுபடியும் போனேன். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுவிலுள்ள புள்ளியை மட்டுமே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தோன்றி மறையும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். சில புள்ளிகள் அவ்வளவு மங்கலாக இருக்கும், வந்ததா நாமே நினைத்துக்கொண்டோமா என்று புரியாது. பல்பை மாற்றச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சோதனையில் பார்வை முழுதாக இருக்கிறது. ஆனால் இடது கண்ணின் நரம்பு பார்க்கச் சந்தேகமாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார் டாக்டர். அக்காவுக்கு ஒன்றுமில்லை. நான் போய்க்கொண்டிருக்கிறேன். முப்பத்து நான்கு வயது.

வண்டியின் மீதிக் கதை வேகமாகச் சொல்லிவிடலாம். சிலிண்டரை 65.50க்கு ரீபோர் செய்தோம். கிராங்க்கின் இரண்டு சீல்களையும் மாற்றினோம். அது கசிந்தால் எஞ்சின் கியர் ஆயிலையும் சேர்த்துக் குடித்துவிட்டுத் தெருவையே மூட்டமாக்கும். டேங்க் ஓட்டையை அடைத்து பெயின்ட் அடித்தோம். ஆர்.சி. காலாவதியாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 300இலிருந்து 1,000 ஆகியிருந்தது, தாமதமானால் அப்போது மாதத்துக்கு 300 கூடுதலாக இருந்தது. ஐம்பது வயது ஆன வண்டியென்றால் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்யலாம், ஆனால் அதற்கு 20,000 ரூபாய், தினமும் ரோட்டில் ஓட்டவும் முடியாது. எங்கள் வண்டி குப்பையும் இல்லை, பாரம்பரியமும் இல்லை, நடுவில். அந்த அலைச்சலை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

எல்லோரும் சொன்னார்கள், பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடு, எல்.இ.டி. போடு, இந்த டைனமோவை வைத்துக்கொண்டு மாரடிக்காதே என்று. நியாயமான யோசனைதான். பாயே கிட் வாங்கித் தருகிறேன் என்றார். நான் அப்பாவிடம் கேட்டேன். "அதுக்கு என்ன குறை? ரெண்டு தடவ சுத்துன டைனமோ" என்றார். மாற்றவில்லை.

பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வைத்து, கலவை பெட்ரோல் ஊற்றி, ஏழாவது உதையில் கிளம்பியது. பட்டறையில் அன்று அப்பாவும் இருந்தார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "கார்புரேட்டர்ல காத்து அதிகம்" என்றார். பாய் திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று இரவு கொட்டகைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டேன். மஞ்சளாக ஒரு வட்டம். முறுக்கினால் வெளுத்தது, விட்டால் மங்கியது. அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார். ஒன்பது மணிச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கண்ணைப் பாதி மூடியிருந்தார்.

"எரியுதா?"

"எரியுதுப்பா."

"நல்லா எரியுதா?"

"ஆறு வோல்ட்டுக்கு எவ்வளவு எரியுமோ அவ்வளவு."

கொஞ்சம் சிரித்தார். "அப்பவும் அவ்வளவுதான் எரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு ஹாரனை அடிக்கச் சொன்னார். அது அடிக்கவில்லை. உள்ளே தகடு துருப்பிடித்திருக்கும், புதுப்பேட்டையில் கிடைக்கும், பழைய கம்பெனி ஹாரனாகப் பார்த்து வாங்கு என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.